கறுப்புப் பெட்டி ஒன்று, வயர் இல்லாமல்

சின்னராசு சாரைப் பார்க்க வேண்டுமா? சார் என்றுதானே சொன்னீர்கள். பரவாயில்லை, வருகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். உட்காருங்கள் தம்பி. மேனேஜர் ரூமில் கூட்டம் நடக்கிறது, அவனும் அதில்தான் இருக்கிறான். முடிகிற வரை யாரையும் உள்ளே விடக் கூடாது என்று உத்தரவு. அந்த ஸ்டூலில் உட்காருங்கள். சின்னராசுக்கென்று நான் போட்ட ஸ்டூல் அது. கால் ஆடுமோ என்று பார்க்காதீர்கள், நானே ஆணி அடித்துச் சரிசெய்தேன். ஒரு நாள்கூட அவன் அதில் உட்காரவில்லை.

முதலில் நோட்டில் ஏற்றிவிடுகிறேன். பெயர் சொல்லுங்கள். ஊர். வந்த நேரம் பத்து இருபது. கொண்டுவந்த பொருள்? பேட்டரியா? அந்தக் கறுப்புப் பெட்டிக்குள் போடுகிற பேட்டரியா? காட்டுங்கள் பார்ப்போம். இவ்வளவுதானா? சட்டைப் பொத்தான் மாதிரி இருக்கிறது. இந்தப் பொத்தான் செத்துப்போனதற்கா மூன்று நாள் ஒரு மில்லையே தலைகீழாகப் புரட்டினார்கள்.

சரி, எழுதிவிட்டேன். வட்ட பேட்டரி இரண்டு. இங்கே கையெழுத்துப் போடுங்கள். பெட்டிக்காரர் நீங்கள்தான் என்றால் உங்களிடம் ஒரு காரியம் இருக்கிறது. அதைக் கடைசியில் கேட்கிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள். சின்னராசு வேறு மாதிரி சொல்வான்.

என் பெயர் நாச்சிமுத்து. இந்த மில் கேட்டில் இருபத்தெட்டு வருஷம். படிப்பு அஞ்சாவதோடு சரி. ஆனால் என் எழுத்தைப் பாருங்கள், ஒரு அடித்தல் திருத்தல் இருக்கிறதா? ஒன்பதாம் பக்கத்தைத் திருப்புங்கள், தொண்ணூறாம் பக்கத்தைத் திருப்புங்கள். நான் ஒரு வரி எழுதினால் எழுதினதுதான். பஞ்சு லாரி வந்தாலும் ஏறும், மேனேஜர் வீட்டு நாய்க்குட்டி வந்தாலும் ஏறும்.

சின்னராசும் நானும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். நான் திங்கட்கிழமை, அவன் வியாழக்கிழமை. மூன்று நாள் மூத்தவன் நான். இரண்டு பேரும் கேட்டுக்குத்தான். அவன் எட்டாவது படித்தவன். எட்டாவது என்ன பெரிய படிப்பு? மூன்று வகுப்பு கூட, அவ்வளவுதான். சேர்ந்த ஏழாம் மாதம் ஒரு வேனில் கம்ப்யூட்டர் வந்தது. இந்த மில்லுக்கு வந்த முதல் கம்ப்யூட்டர். அட்டைப் பெட்டி நான்கு. “தூக்கறதுக்கு ஒரு ஆளை அனுப்பு” என்று ஆபீசிலிருந்து சத்தம் போட்டார்கள். பெட்டிகளை எண்ணி நோட்டில் ஏற்றிக்கொண்டிருந்தவன் நான். பேனா என் கையில் இருந்தது. சின்னராசு கை சும்மா இருந்தது. அவன் போனான்.

தூக்கப் போனவன் இன்னும் திரும்பி வரவில்லை.

சர்வீஸ் ஆட்கள் வரும்போதெல்லாம் பக்கத்தில் நின்று டார்ச் பிடித்தானாம். பிடித்துப் பிடித்தே தொழிலைக் கற்றுக்கொண்டானாம். டார்ச் பிடிக்க எனக்குத் தெரியாதா தம்பி? இருபத்தெட்டு வருஷமாக என் கையில் டார்ச் இருக்கிறது. என்னை யார் கூப்பிட்டார்கள்? இன்றைக்கு அவனுக்கு ஏசி ரூம், சுற்றுகிற நாற்காலி, இடுப்பில் அந்த ரூம் சாவி. நடந்தால் சாவி சத்தம் முதலில் வரும், அப்புறம்தான் அவன் வருவான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தக் கறுப்புப் பெட்டி வந்தது. என்ன சாமான் என்று கேட்டேன். ஃபயர்வால் என்றான். தீ அணைக்கிற சாமானாக்கும் என்று மணல் வாளி ஏற்றுகிற பக்கத்தில் ஏற்றிவிட்டேன். அதை வைத்து ஒரு வாரம் கேன்டீனில் சிரித்தார்கள். அப்புறம் அவனே டீ வாங்கிக்கொண்டு வந்து விளக்கம் சொன்னான்.

“அதுவும் ஒரு வாட்ச்மேன்தானுங்ணா. இன்டர்நெட்டுல உள்ள வாரது, வெளிய போறது எல்லாத்தையும் நிறுத்திப் பாக்கும். விடலாம்னா விடும். வேண்டாம்னா திருப்பி அனுப்பிரும். யாரு, எங்கிருந்து, எங்க, எத்தன மணிக்குன்னு ஒவ்வொண்ணையும் எழுதி வச்சுக்கும். அதுக்கு லாக்னு பேரு. உங்க வேலையேதானுங்ணா.”

உங்க வேலையேதான். சொல்லிவிட்டுச் சிரித்தான். நல்லதுக்குத்தான் சொன்னான் என்று நீங்கள் நினைப்பீர்கள். என் வேலையைச் செய்ய ஒரு பெட்டி வந்திருக்கிறது, அதற்கு ஏசி போட்டிருக்கிறார்கள், அதை நீ காவல் காக்கிறாய், நான் இங்கே வெயிலில் உட்கார்ந்திருக்கிறேன். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

இன்னும் கேளுங்கள். அந்தப் பெட்டி எழுதுகிற ஒவ்வொரு வரியும் அந்த நிமிஷமே கோயமுத்தூர் ஹெட் ஆபீசுக்குப் போய்விடுமாம். அங்கே சர்வர் என்று ஒன்று. நம்ம கம்பெனியின் எட்டு மில் எழுத்தும் அதில் தேதிவாரியாகப் பத்திரமாக இருக்குமாம். என் நோட்டு தீர்ந்தால் எங்கே போகும் தெரியுமா? நூல் கோன் அடுக்குகிற குடோன் பரணுக்கு. அங்கே கரையான் படிக்கும்.

நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். “அனுப்புன வரி போய்ச் சேந்துச்சுன்னு அங்கிருந்து கையெழுத்து வாங்குமா?”

“இல்லீங்ணா. அது பாட்டுக்கு அனுப்பிக்கிட்டே இருக்கும். கிடைச்சுதான்னு கேக்காது. நம்ம பெட்டியில அப்படித்தான் வச்சிருக்கு.”

“தபால் நோட்டுல கையெழுத்து இல்லாமயா கொடுப்பாங்க? இது எத்தன நாளைக்கு ஓடும்?” என்றேன்.

என் வாய்முகூர்த்தம் பலித்தது தம்பி. கொஞ்சம் தாமதமாகப் பலித்தது.

இந்த வருஷம் ஆயுத பூஜை வெள்ளிக்கிழமை வந்தது. கேட்டுக்கு வெளியே பிள்ளையார் கோயில் பார்த்தீர்கள் அல்லவா, அங்கேதான் பூஜை. மெஷினெல்லாம் நிறுத்திவிட்டு, ஸ்பேனர், கத்தி, தராசு எல்லாவற்றையும் கழுவிப் பிள்ளையார் முன்னால் வைப்பார்கள். அன்றைக்கு வைத்ததை மறுநாள் பூஜை முடிந்துதான் எடுக்க வேண்டும். அதுவரை யாரும் தொடக் கூடாது, சாமானுக்கு அது ஓய்வு. வருஷா வருஷம் பிள்ளையார் காலடியில் நடுவில் இருப்பது என்னுடைய கேட் நோட்டு. மில்லில் யார் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். நோட்டு, அதன் மேல் பேனா, பக்கத்தில் விசில். அதற்குத்தான் முதல் சந்தனம்.

இந்த வருஷம் மேனேஜர், ஆபீஸ் சாமானையும் பூஜைக்கு வையுங்கள் என்றார். சாயங்காலம் நாலரை மணிக்கு சின்னராசு அந்தப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தான், குழந்தையைத் தூக்கி வருகிற மாதிரி. வயரையெல்லாம் பிடுங்கி ரூமிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறான். கேட்டைத் தாண்டுகிற பொருள் எதுவாக இருந்தாலும் நோட்டில் ஏறாமல் தாண்டாது. எழுதினேன். கையெழுத்து வாங்கினேன். அந்த வரி எனக்கு மனப்பாடம்: ‘கறுப்புப் பெட்டி ஒன்று, வயர் இல்லாமல். வெளியே நாலு முப்பத்தைந்து. பூஜைக்கு.’

போய்ப் பார்த்தால் நடுவில் பெட்டி. காலடியில் பெட்டி. அதன் நெற்றியில் மூன்று விரலால் சந்தனம், ரூபாய் அகலத்துக்குக் குங்குமம். என் நோட்டு ஓரத்தில், தராசுத் தட்டுக்கு அந்தப் பக்கம். பூசாரி கடைசியில் அதன் மேல் ஒரு பொட்டு தெளித்தார். கைகழுவுகிற மாதிரி தெளித்தார்.

“ஏன் பூசாரி, நோட்டு நடுவுலதான இருக்கும்?” என்று கேட்டேன்.

“பெட்டி கொஞ்சம் கனமுங்க நாச்சிமுத்து. ஓரத்துல வச்சா விழுந்துரும்” என்றார்.

கனமாக இருந்தால் நடு. இதுதான் நியாயம்.

சனிக்கிழமை காலை எட்டுப் பத்துக்குப் பெட்டி உள்ளே போனது. அதையும் எழுதினேன், கையெழுத்து வாங்கினேன். திங்கட்கிழமை மில் ஓடியது, இன்டர்நெட் ஓடியது, பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. எல்லாம் சரி என்றுதான் அவனும் நினைத்தான்.

பூஜை முடிந்து பத்தாம் நாள் ஹெட் ஆபீசிலிருந்து போன். வெளிநாட்டுக்காரன் ஒருவன் நம்மிடம் நூல் வாங்குகிறான். அவன் ஆட்கள் சோதனைக்கு வருகிறார்கள், ஒரு மாத லாக்கைக் காட்டு என்று கேட்பார்கள். ஏழு மில் லாக் இருக்கிறது, உங்கள் மில் லாக் மட்டும் ஆயுத பூஜையோடு நின்றுவிட்டது, ஒரு வரிகூட வரவில்லை என்றார்கள்.

தபால் கொடுக்க நான் மேனேஜர் ரூமுக்குப் போயிருந்தேன். என் காதால் கேட்டது. மேனேஜர் சொல்கிறார்: “சனிக்கிழமைக்குள்ள லாக் போய்ச் சேரணும் சின்னராசு. சேரலைன்னா சாவியக் குடுத்துட்டு நீ பழையபடி கேட்டுக்குப் போயிரு. உன் எடத்துல படிச்ச பொண்ணு ஒருத்திய நான் போட்டுக்கறேன்.”

சின்னராசு இடுப்புச் சாவியைக் கையால் பிடித்துக்கொண்டிருந்தான், சத்தம் வராமல்.

நான் நேரே கோன் குடோனுக்குப் போனேன். உடைந்த சாமான் குவியலில் இந்த ஸ்டூல் கிடந்தது. எடுத்து வந்து ஆணி அடித்தேன், துடைத்தேன், இங்கே போட்டேன். இந்த இடத்தில் மதியத்துக்கு மேல் வெயில் முகத்தில் அடிக்கும். தெரிந்துதான் போட்டேன். மூன்று நாள் இளையவன்தானே.

புதன்கிழமை கோளாறைக் கண்டுபிடிக்கக் கோயமுத்தூர் ஹெட் ஆபீசிலிருந்து ஒரு பெண் வந்தது. அபிராமி என்று பெயர். இருபத்தேழு, இருபத்தெட்டு வயசு இருக்கும். லேப்டாப்புக்குக் கையெழுத்துக் கேட்டேன், முகம் சுளிக்காமல் போட்டது. இன்டர்நெட் வயர் கம்பத்திலிருந்து என் கேட் ரூமுக்குள் வந்துதான் உள்ளே போகிறது. அதனால் முதல் சோதனை இங்கேதான். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு இந்தச் சின்ன டப்பாவைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

“அண்ணா, விளக்கு மின்னுதுங்களா?”

“மின்னுதும்மா.”

“விட்டு விட்டா, நிக்காமயா?”

“விட்டு விட்டு. கண்ணாஸ்பத்திரியில கண்ணு கொட்டற மாதிரி.”

அது சிரித்தது. வயரில் கோளாறு இல்லை. அப்புறம் பெட்டியில் சர்வர் விலாசம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தது, சரி. எந்த வாசல் வழியாக அனுப்ப வேண்டுமோ அந்த வாசல் நம்பர் சரி. பெட்டியிலிருந்து வரிகள் கிளம்புகின்றனவா என்று லேப்டாப்பை மாட்டிப் பிடித்துப் பார்த்தது, மழை மாதிரி கிளம்புகின்றன. கோயமுத்தூரில் இருக்கிற ஆளுக்குப் போன் போட்டு, அந்தப் பக்கம் வந்து விழுகின்றனவா என்று கேட்டது. விழுகின்றனவாம். இங்கே கிளம்புகிறது, அங்கே விழுகிறது. ஆனால் சர்வரில் தேதிவாரி அலமாரியைத் திறந்தால் பூஜைக்கு அப்புறம் எல்லாம் காலி.

சாயங்காலம் கேன்டீனில் அந்தப் பெண் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. சின்னராசு எதிரில். “அண்ணா, ஞாபகப்படுத்திச் சொல்லுங்க. நின்னு போனதுக்கு முன்னாடி அந்த ஃபயர்வால நீங்க ஏதாச்சும் தொட்டீங்களா? செட்டிங் எதையாச்சும் மாத்துனீங்களா?”

“ஒண்ணும் தொடலைங்கம்மா. சாமி சத்தியமா தொடலை.”

டீ கிளாசோடு நான் பக்கத்து பெஞ்சில் இருந்தேன். எனக்குப் புரை ஏறியது. மார்போடு அணைத்துக்கொண்டு போனவன், சாமி சத்தியமாகத் தொடவில்லை என்கிறான். பிள்ளையார் பார்த்திருக்கிறார், என் நோட்டு பார்த்திருக்கிறது. இவனை இப்போது பிடிக்கலாம் என்று நினைத்தேன். ஆனால் அவசரப்படவில்லை. புதன்தானே ஆயிற்று. பொய் இன்னும் கொஞ்சம் பழுக்கட்டும்.

வியாழக்கிழமை மதியம் மேனேஜரே கம்ப்யூட்டர் ரூமுக்குள் போய் உட்கார்ந்துவிட்டார் என்று தெரிந்ததும் நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். இருபத்தெட்டு வருஷத்தில் அந்த ரூமுக்குள் நான் போனது அன்றைக்குத்தான். செருப்பைக் கழற்றச் சொல்கிறார்கள். கோயில் மாதிரி குளிருகிறது.

“என்ன நாச்சிமுத்து?” என்றார் மேனேஜர்.

“இவன் பெட்டியத் தொடலைன்னு சத்தியம் பண்ணியிருக்கானுங்க. நோட்டு வேற சொல்லுதுங்க” என்று பக்கத்தை விரித்து மேஜை மேல் வைத்தேன்.

சின்னராசு எட்டிப் பார்த்தான். முகம் மாறவே இல்லை, அதுதான் ஆச்சரியம். “அது பூஜைக்கு வச்சதுங்ணா. பூஜைக்கு வச்சத எப்படித் தொட்டதுன்னு சொல்றது?” என்றான். மேனேஜரைப் பார்த்து, “நீங்கதானுங்க சார் வைக்கச் சொன்னீங்க” என்றான். மேனேஜரும் தலையாட்டினார். அவரும் அதைத் தொட்டது என்று நினைக்கவில்லை.

அந்தப் பெண் மட்டும் எழுந்து நின்றுவிட்டது. “வயர் இல்லாமன்னு எழுதியிருக்கு. கரண்ட்டையே எடுத்தீங்களா? நைட் பூரா?”

“ஓய்வுல இருக்கணுமில்லீங்களா” என்றான் சின்னராசு.

அது உட்கார்ந்து இரண்டு பொத்தானைத் தட்டியது. திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தது. அப்புறம் திரையைத் திருப்பிக் காட்டியது. பெட்டியின் கடிகாரத்தில் தேதி, இரண்டாயிரமாவது வருஷம் ஜனவரி பதிமூன்று.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இந்தப் பொத்தான் பேட்டரி செத்துக் கிடந்திருக்கிறது. கரண்ட் இருக்கிற வரை தெரியவில்லை. வயரைப் பிடுங்கினதும் கடிகாரம் நினைவு தப்பி, மறுபடி மாட்டினபோது இரண்டாயிரமாவது வருஷப் பிறப்பிலிருந்து எண்ண ஆரம்பித்திருக்கிறது. ஒவ்வொரு வரியிலும் அந்தத் தேதியைப் போட்டே அனுப்பியிருக்கிறது. சர்வரும் தேதியைப் பார்த்து அந்த வருஷத்து அலமாரியில் அடுக்கியிருக்கிறது. இருபத்து நாலு வருஷத்துக்கு முந்தின அலமாரியை யார் திறந்து பார்ப்பார்கள்? திறந்தால் உள்ளே பன்னிரண்டு நாள் எழுத்தும் இருக்கிறது, ஒரு வரி குறையாமல்.

தேதி போடத் தெரியாத வாட்ச்மேன். நான் அன்றைக்கே அவனை வேலையை விட்டு அனுப்பியிருப்பேன். ஆனால் அவர்கள் என்ன செய்தார்கள்? கைதட்டினார்கள். மேனேஜர் சின்னராசுவின் தோளைத் தட்டினார். சாவி அவன் இடுப்பிலேயே இருந்தது. நான் அவனைப் பிடிக்கப் போனவன். போன இடத்தில் அவனைக் காப்பாற்றிவிட்டு நின்றேன், செருப்பு இல்லாமல்.

அந்தப் பெண் நல்ல பெண், குறை சொல்ல மாட்டேன். “இந்த நோட்டு இல்லேன்னா சனிக்கிழமை வரைக்கும் தேடியிருப்பேண்ணா” என்றது. பழைய வரிகளில் தேதியை மாற்ற முடியாது, மாற்றவும் கூடாது, ஆனால் பெட்டியின் ஜனவரி ஒன்றாம் தேதி என்பது நம்முடைய சனிக்கிழமை காலைதான் என்று காட்ட ஒரு அத்தாட்சி வேண்டும் என்றது. அதற்காக என் நோட்டில் அந்தப் பக்கத்தைப் படி எடுத்து லாக்கோடு சேர்த்துக் கோயமுத்தூருக்கு அனுப்பினார்கள். வெளிநாட்டுக்காரன் பார்த்தானாம். தமிழ் தெரியாதே அவனுக்கு, அந்தப் பெண்தான் படித்துச் சொன்னதாம். ‘கறுப்புப் பெட்டி ஒன்று, வயர் இல்லாமல்.’

சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒரு நாள் இருந்தது. மறுநாள் அந்தப் படியை வாங்கிப் பார்த்தேன். அடியில் கையெழுத்து: க. சின்னராசு. வெளியே போனதற்கும் க. சின்னராசு. உள்ளே வந்ததற்கும் க. சின்னராசு. என் பெயர் எங்கே? முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன். அப்புறம்தான் உறைத்தது. கேட் நோட்டில் வருகிறவன் பெயர் இருக்கும், போகிறவன் பெயர் இருக்கும். எழுதுகிறவன் பெயருக்குக் கட்டமே கிடையாது. இருபத்தெட்டு வருஷம், எத்தனையோ நோட்டு. ஒன்றில்கூட நான் இல்லை. சீமை வரைக்கும் போன என் பக்கத்தில் அவன் பெயர் மூன்று தடவை. மூன்றாவது, பூஜைக்கு வந்த தேங்காய்க்கு.

இதோடு விட்டிருந்தால்கூட நான் விட்டிருப்பேன்.

அந்த வியாழக்கிழமையே இன்னொன்று நடந்தது. அலமாரி திறந்ததும் மேனேஜர், “இத்தன வரியும் யாருதும்மா? யாரு அதிகமா ஓட்டுறா?” என்று விளையாட்டாகக் கேட்டார். அந்தப் பெண்ணும் விளையாட்டாகக் கூட்டிப் பார்த்தது. ஆபீசில் ஒருவர் ஏதோ புடவைக் கடை பார்த்திருக்கிறார், அது கொஞ்சம். எல்லோரையும்விட மேலே ஒரு வரி. கேட் ரூமிலிருந்து ஒரு போன். பகல் ஷிப்டில் தினமும் நாலு மணி நேரம், வீடியோ. எல்லாம் ரேக்ளாப் பந்தயம்.

ஆமாம் தம்பி, என் போன்தான். சின்னராசுதான் போன வருஷம் பாஸ்வேர்டு போட்டுக் கொடுத்தான். நான் ரேக்ளாவில் வண்டி ஓட்டினவன், இருநூறு மீட்டரில் எங்கள் காளைகளுக்குப் பெயர் உண்டு. லாரி வராத நேரத்தில் பார்ப்பேன். அது எழுதும் என்று எனக்கு எப்படித் தெரியும்? எழுதுகிறவன் நான். என்னை ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறது என்று நான் நினைத்தே பார்க்கவில்லை.

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். திரும்பி வாயைத் திறப்பதற்குள் சின்னராசு சொல்கிறான், “அது என் பழைய போனுங்க சார். சார்ஜுக்குக் கேட் ரூம்ல வச்சிருந்தேன். நாந்தான் போய்ப் போய்ப் பாத்துக்குவேன்.”

“ஏய்யா, சாவி வச்சிருக்கறவன் பண்ற வேலையா இது?” என்று மேனேஜர் கத்தினார். மெமோ அடித்து, ஹெட் ஆபீசுக்கும் ஒரு படி என்று கையெழுத்து வாங்கினார். அவன் போட்டான், அங்கேயும் க. சின்னராசு.

நான் வாய் திறக்கவில்லை. ஏன் திறக்க வேண்டும்? என்னை யார் கேட்டார்கள்?

வெளியே வந்ததும், “எதுக்குடா அப்படிச் சொன்ன?” என்றேன்.

“விடுங்ணா. உங்களுக்கு இன்னும் ஆறு மாசம் சர்வீஸு. இந்த நேரத்துல மெமோ எதுக்கு? நீங்க நோட்டக் கொண்டாரலைன்னா இந்நேரம் நான் அந்த ஸ்டூல்ல உக்காந்திருப்பேன்.”

ஸ்டூலை அவன் பார்த்திருக்கிறான். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்கிறான். எப்பேர்ப்பட்ட அழுத்தம் பாருங்கள்.

இப்போது கேட் ரூமுக்கு அந்த வசதியை நிறுத்திவிட்டார்கள். வாரத்துக்கு ஒரு தடவை அவனே வீட்டில் ரேக்ளாவை இறக்கி ஒரு சின்ன கார்டில் போட்டுக்கொண்டு வந்து தருகிறான். எல்லாம் போன வருஷத்துப் பந்தயம். ஜெயித்த வண்டி எது என்று எனக்கு முன்னாலேயே தெரியும்.

அதை விடுங்கள். நீங்கள் பெட்டிக்காரர், நியாயம் சொல்லுங்கள். சின்னராசுக்கு மாடு என்றால் பயம். சின்ன வயசில் முட்டுப்பட்டவன். ரோட்டில் ஒரு கன்றுக்குட்டி நின்றால்கூட இவன் எதிர்ப்பக்கம் போய் நடப்பான். அவன் தினமும் நாலு மணி நேரம் ரேக்ளா பார்த்தான் என்று ஹெட் ஆபீசில் எழுத்தாக இருக்கிறது. கரையான் தொடாத இடத்தில் இருக்கிறது. அது பொய் எழுத்து இல்லையா? இருபத்தெட்டு வருஷத்தில் என்னைப் பற்றி ஒரு புத்தகத்தில் ஒரே ஒரு வரி வந்தது. ஒரே வரி. அதையும் அவன் தன் பெயருக்கு வாங்கிக்கொண்டான்.

இதோ, சாவிச் சத்தம் கேட்கிறது. கூட்டம் முடிந்துவிட்டது, அவன்தான் வருகிறான். சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். பேட்டரி போட எப்படியும் பெட்டியைத் திறப்பீர்கள். திறக்கும்போது அந்த ரேக்ளா வரியைக் கொஞ்சம் பாருங்கள். அடிக்க வேண்டாம், திருத்த வேண்டாம், அது கூடாது. பக்கத்தில் இடம் இருந்தால் ஒரு பெயர் மட்டும் சேர்த்து எழுதிக் கொடுங்கள். கேட், நாச்சிமுத்து. மெமோ வந்தால் வரட்டும்.

எழுந்திருங்கள், ஸ்டூலை எடுத்து உள்ளே வைக்கிறேன். மதியம் ஆனால் இங்கே வெயில் வந்துவிடும்.

வாடா சின்னராசு. இவர் வந்து அரை மணி நேரம் ஆகிறது. உனக்காகத்தான் காத்திருக்கிறார்.